யுனோமினே வெந்நீர் ஊற்றூர்: அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

காவேரிப்பட்டினத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒசாகாவில் பணியாற்றும் என் தம்பியைப் பார்க்க வரும் நவம்பரில் அம்மா, மனைவி, நான் மூவரும் ஜப்பான் செல்கிறோம். நகரங்களைத் தம்பி சுற்றிக் காட்டிவிடுவான். அவனுக்கு விடுப்பு இல்லாத நாட்களில் நாங்கள் மூவரும் தனியாக ஒரு மலையூரில் தங்க எண்ணியுள்ளோம். வெந்நீர் ஊற்றும் இருக்க வேண்டும், காட்டுக்குள் நடக்கப் பாதையும் இருக்க வேண்டும், கூட்டமும் மிதமாக இருக்க வேண்டும் என்று தேடியதில் வகாயாமா மாகாணத்தின் யுனோமினே என்ற சிற்றூர் கண்ணில் பட்டது. தம்பியோ, போவதென்றால் கூசாட்சுவுக்குப் போங்கள், அதுதான் பெயர்பெற்ற ஊர் என்கிறான்.

எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. அங்கே ஆடையின்றித்தான் பொதுக் குளியலில் இறங்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அம்மா, நான் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதோடு, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலரையும் போல அவருக்கும் இரு முன்கைகளிலும் பச்சை குத்தியிருக்கிறது. பச்சை குத்தியவர்களை ஜப்பானியக் குளியல் இல்லங்களில் உள்ளே விடுவதில்லை என்றும் படித்தேன். மனைவி முழுச் சைவம், மீன் வாசனையும் ஆகாது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் மெதுவாக நடப்பார், ஏற்றம் முடியாது. நான் காலையில் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையேறிப் பழகியவன், எனக்கு ஒரு நாளாவது நன்றாக நடந்தாக வேண்டும். இத்தனைக்கும் அந்த ஊர் இடம் கொடுக்குமா? சென்றுவந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் பிறந்தது பாலக்கோடு, இப்போது வசிப்பது ஒசாகா. உங்கள் தேவைகளை வரிசையாகப் படித்தபோது, யுனோமினேயை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் குளியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊரின் நடுவே ஓடும் ஓடையை ஒட்டி, பாறைக்குழியின்மேல் பலகையால் கட்டிய ஒரு சிறு குடில் இருக்கிறது. அதற்கு ட்சுபோயு என்று பெயர். உள்ளே இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாமவர் வந்தால் நெருக்கடிதான். பொதுக் குளியல் இல்லத்தின் முகப்பில் சீட்டு வாங்கிக்கொண்டால், வரிசை எண்படி அரை மணி நேரம் அந்தக் குடில் உங்களுக்கு மட்டுமே உரியது. கதவைச் சாத்திக்கொள்ளலாம், வேறு யாரும் வரமாட்டார்கள். உங்கள் அம்மாவும் துணைவியாரும் மட்டும் உள்ளே போனால் கூச்சத்துக்கும் வேலையில்லை, பச்சையைப் பற்றிய கேள்வியும் எழாது. முன்பதிவு கிடையாது. பகலில் வெளியூர்க் கூட்டம் வந்து சேர்ந்தால் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் விடிந்தவுடன் போவது நல்லது. சோப்பும் ஷாம்பூவும் அங்கே கூடாது. 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கீ மலைத்தொடர் புனிதத் தலங்களில் இந்தக் குளியலும் அடக்கம். உலகப் பாரம்பரியச் சின்னத்துக்குள் இறங்கிக் குளிக்கும் வாய்ப்பு இங்கேதான் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள்.

பச்சைக்கு ஏன் இவ்வளவு தடை என்று அம்மா கேட்டால், அந்நாட்டில் உடல் முழுக்கப் பச்சை குத்திக்கொள்வது யகூசா எனப்படும் ரௌடிக் கும்பல்களின் அடையாளமாக இருந்ததால் வந்த வழக்கம் என்று சொல்லுங்கள். நம் பாட்டிமார் கையில் இருக்கும் கோலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், வாசலில் நிற்பவரிடம் அதை விளக்கிக்கொண்டிருப்பதை விடத் தனிக் குளியலே நிம்மதி. ரியோகன் எனப்படும் மரபு விடுதிகள் சிலவற்றிலும் குடும்பத்துக்கென்று தனியாகப் பூட்டிக்கொள்ளும் குளியலறைகள் உண்டு. அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

வேறொன்றும் கவனிக்க வேண்டும். அங்குள்ள நீரில் கந்தகம் இருப்பதால் வெள்ளி கறுத்துவிடும். கொலுசு, மெட்டி, அரைஞாண் எதுவானாலும் கழற்றி அறையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்வது அவசியம். எப்படியிருந்தாலும் முதல் முறை ஐந்து நிமிடத்துக்கு மேல் நீருக்குள் இருக்க வேண்டாம், எழும்போது பிடித்துக்கொண்டு மெதுவாக எழ வேண்டும். ஊற்றில் நீர் ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ் சூட்டில் வெளிவருகிறது. குளியலில் அதை ஆற்றித்தான் விடுகிறார்கள் என்றாலும் நம் உடம்புக்கு அந்தச் சூடு புதியது.

ஓசூர் மெஷினிஸ்ட் எழுதியது:

உங்கள் தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். நிறுவனம் பயிற்சிக்காக என்னை குன்மா மாகாணத்துக்கு அனுப்பியிருந்தபோது கூசாட்சுவுக்குப் போயிருக்கிறேன். ஊர் நடுவில் யுபதாக்கே என்ற இடத்தில் ஊற்று கொப்பளித்து வந்து, வரிசையாகப் போட்ட மரக் கால்வாய்களில் ஆவி பறக்க ஓடி ஆறுவதை இரவில் விளக்கொளியில் பார்ப்பது ஒரு காட்சிதான். நீரின் வீரியம் குறையக் கூடாது என்று தண்ணீர் கலக்காமல், பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு நீண்ட பலகைகளால் துழாவியே ஆற்றுவதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். கடை, உணவகம், பேருந்து நிலையம் எல்லாம் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. யுனோமினேயில் இருட்டியபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர் என்றால் கொஞ்சம் நடமாட்டம் வேண்டாமா?

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

நடமாட்டம் வேண்டுபவருக்குக் கூசாட்சு மிக நல்ல ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் கூட்டம் மிதமாக இருக்க வேண்டும் என்கிறார். கூசாட்சு நீர் அமிலத்தன்மை மிகுந்தது. அதன் பிஎச் அளவு 2ஐ ஒட்டியது. கண்ணில் பட்டால் எரியும், சிறு கீறல் இருந்தாலும் சுரீரென்று பிடிக்கும். ஊர் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நவம்பரில் குளிர் நம்மவர்களுக்குக் கடுமையாகவே இருக்கும். மேலே உள்ள எரிமலை 2018 ஜனவரியில் வெடித்த பிறகு உச்சிப் பகுதிப் பாதைகளில் கட்டுப்பாடுகளும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒசாகாவிலிருந்து தோக்கியோ வரை ஷிங்கன்சென் அதிவேக ரயில், அங்கிருந்து இரண்டரை மணி நேர ரயில், பிறகு பேருந்து என்று ஒரு பகல் முழுவதும் பயணத்திலேயே போய்விடும். முழங்கால் வலியோடு வருகிறவருக்கு அது வேண்டாம்.

யுனோமினேக்கு ஷின்-ஒசாகாவிலிருந்து குரோஷியோ விரைவு ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் கீ-தனாபே நிலையம். அங்கிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பேருந்து. நாளொன்றுக்குச் சில பேருந்துகளே உள்ளன. தொப்பூர் கணவாயிலேயே தலைசுற்றும் என்பவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறட்டும். நிலையத்தின் பக்கத்திலேயே தனாபே நகரச் சுற்றுலாத் தகவல் மையம் இருக்கிறது. பேருந்து அட்டவணையும் பாதை வரைபடமும் ஆங்கிலத்தில் அங்கே கிடைக்கும்.

அரூர் டீச்சர் எழுதியது:

காவேரிப்பட்டினத்துத் தம்பிக்கு வணக்கம். தாமதமாகத்தான் பார்த்தேன். குளியலைப் பற்றி எல்லாம் சொல்லியாகிவிட்டது, நான் நடையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் எழுதுகிறேன்.

யுனோமினே தனியாக எழுந்த ஊர் அன்று. குமானோ கோடோ என்ற, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட யாத்திரைப் பாதையில், குமானோ ஹொங்கு தாய்ஷா என்ற பெருங்கோயிலுக்குள் நுழையுமுன் உடல் தூய்மை செய்துகொள்ளும் இடமாக இருந்தது. தீர்த்தமலையில் தீர்த்தமாடிவிட்டுச் சன்னதிக்குப் போகிற நமக்கு இந்த முறையை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே நீங்கள் நடப்பதும் நீராடுவதும் தனித்தனி வேலையாக இராமல் ஒரே யாத்திரையாக அமையும்.

உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் என்றால், காலையில் பேருந்தில் ஹொஷ்ஷின்மோன்-ஓஜி என்ற சிறு சன்னதி வரை போய், அங்கிருந்து ஹொங்கு கோயில் வரை சுமார் 7 கிலோமீட்டர் நடங்கள். பெரும்பாலும் இறக்கம், தேயிலைத் தோட்டமும் சில வீடுகளும் தாண்டி, பிறகு செடார், சைப்ரஸ் மரங்களின் நிழலில் மண்பாதை. வழியில் உள்ள ஓஜி சன்னதிகளில் மரப்பெட்டிக்குள் முத்திரையும் மையும் வைத்திருப்பார்கள், நாமே கையேட்டில் பதித்துக்கொள்ளலாம். மை காய்ந்து போயிருந்தால் முத்திரை அரைகுறையாக விழும். முதலில் வெறுந்தாளில் அழுத்திப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். ஹொங்குவிலிருந்து யுனோமினே திரும்ப தைநிச்சி-கோயே என்ற ஏற்றப் பாதை இருக்கிறது. மூன்றரைக் கிலோமீட்டருக்குள்தான், ஆனால் செங்குத்து. ஈர இலையும் வேரும் சேர்ந்து காலை வாரிவிடும். கோட்டை மலையேறிய கால் அதைத் தாங்கும், அடிப்பாகம் தேய்ந்த ஷூ தாங்காது. நவம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் பிற்பகல் இரண்டரைக்கு மேல் அந்தப் பாதையில் ஏற வேண்டாம், பேருந்தில் வந்துவிடுங்கள்.

வழியில் ஃபுஷிஓகமி என்ற இடத்தில்தான் யாத்திரிகர்கள் கோயிலை முதன்முதலில் தொலைவிலிருந்து கண்டு விழுந்து வணங்குவார்களாம். இசுமி ஷிகிபு என்ற பழங்காலப் பெண் கவிஞரைப் பற்றி அங்கே ஒரு கதை வழங்குகிறது. அவ்வளவு தூரம் நடந்து வந்த அவருக்கு அந்த இடத்தில் மாதவிலக்கு வந்துவிட, இனி கோயிலுக்குள் போக முடியாதே என்று வருந்திக் கவிதை பாடினாராம். அன்றிரவு குமானோ தெய்வமே கனவில் வந்து, எனக்கு அதில் குறையொன்றும் இல்லை, வா என்று மறுமொழிக் கவிதை சொன்னதாம். ஆண், பெண், உயர்ந்தவர், தாழ்ந்தவர், நோயாளி என்று பாராமல் எல்லோரையும் ஏற்ற தலம் என்பது குமானோவின் பழம்பெயர். நஞ்சூட்டப்பட்டு உருக்குலைந்த ஒகுரி என்ற தலைவனை வழிப்போக்கர்கள் வண்டியில் கட்டி இழுத்து வந்து ட்சுபோயுவில் நீராட்ட, அவன் பழைய உடல் பெற்றான் என்பது இன்னொரு கதை. இவற்றை அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். அவர் அந்தக் குடிலை வேறு கண்ணோடு பார்ப்பார்.

அம்மாவுக்குக் கோயிலின் 158 கற்படிகள் சிரமம். நீங்கள் மேலே போகும்போது துணைவியார் அவரை ஒயுனோஹாராவுக்கு அழைத்துச் செல்வதே சரி. கோயில் முதலில் இருந்த இடம் அதுதான், ஆற்றங்கரை மணல்திட்டு. 1889ஆம் ஆண்டு வெள்ளத்தில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டபின் மிஞ்சிய சன்னதிகளை மேட்டுக்கு மாற்றினார்கள். 2000ஆம் ஆண்டு நிறுவிய ஏறத்தாழ 34 மீட்டர் உயரத் தோரி எனப்படும் கோயில் முகப்பு வாயில் வயல்களுக்கு நடுவே நிற்கிறது. வழி முழுதும் சமதரை.

சாப்பாட்டில்தான் உண்மையான தொல்லை. காய்கறிக் குழம்பு என்று வைப்பதிலும் காய்ந்த மீன் துருவலில் எடுத்த சாறு இருக்கும். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது, மீன்சாறும் கூடாது என்று பதிவின்போதே எழுதிக் கொடுத்தால்தான் விடுதியில் முன்கூட்டியே ஏற்பாடு செய்வார்கள். அன்று மாலை போய்ச் சொன்னால் வெறுஞ்சோறுதான். ஊற்று நீரில் காய்ச்சிய அரிசிக் கஞ்சியைக் காலையில் சில விடுதிகளில் தருகிறார்கள். அதோடு உமெபோஷி என்ற உப்புக்காய் வரும். வகாயாமா அந்தக் காய்க்குப் பேர்போன மாகாணம். நம் மாவடுவைப் போலப் புளிப்பும் உப்புமாக நாக்கைச் சுண்டும் என்பதால் உங்கள் வீட்டாருக்கு அது பிடித்துப்போகும்.

ஓடையோரத்தில் யுசுட்சு என்ற சமையல் தொட்டி இருக்கிறது. கடையில் முட்டையோ சர்க்கரைவள்ளிக் கிழங்கோ வலைப்பையில் வாங்கி, கயிற்றை விளிம்பில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டால் வெந்துவிடும். முட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும், கிழங்குக்கு அதைவிட மிக அதிக நேரம் ஆகும். உங்கள் துணைவியாருக்குக் கவலையில்லாத சாப்பாடு அந்தக் கிழங்கு. உப்பும் மிளகாய்ப்பொடியும் மட்டும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

காவேரிப்பட்டினத்தான் எழுதியது:

டீச்சருக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. இசுமி ஷிகிபு கதையை அம்மாவிடம் சொன்னேன். அந்தச் சாமி நல்ல சாமி என்றார், குளிப்பதற்கும் ஒப்புக்கொண்டார். கிழங்கு வேகவைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது இப்போது அவருடைய நிபந்தனை. இன்னும் இரண்டு கேள்விகள்: பெங்களூரு எங்களுக்குப் பக்கம் என்பதால் விசாவும் அங்கேயே எடுக்கலாமா? விடுதிக் கட்டணம் அறைக்கா, ஆளுக்கா?

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

விமானத்தைப் பெங்களூரிலிருந்து பிடிக்கலாம் அண்ணா, ஆனால் விசா வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. தமிழ்நாடு சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் எல்லையில் வருகிறது. பெங்களூரு அலுவலகம் கர்நாடகத்துக்கு உரியது.

ரியோகன்களில் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்குத்தான், இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து. அறைக்கு என்று எண்ணிப் பதிவு செய்துவிட்டு அங்கே போய் மும்மடங்கு கேட்டதும் திகைக்காதீர்கள். இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே பரிமாறிவிடுவார்கள், அதற்குள் ஊர் சேரும் பேருந்தைப் பாருங்கள். குளியல் வரி என்று ஆளுக்கு வழக்கமாக 150 யென் தனியாக வாங்குவார்கள். சிற்றூர் என்பதால் ரொக்கமாக யென் கையில் இருக்கட்டும்.

அம்மாவின் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு ஒரு மாத அளவுக்குள் கொண்டுபோகலாம். சளிக்கான மாத்திரை எடுத்துப்போவதானால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: சூடோஎஃபிட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுவரத் தடை, விமான நிலையத்திலேயே சிக்கலாகிவிடும். நவம்பர் பாதிக்குமேல் இலை சிவக்கும் பருவம் என்பதால் சனி, ஞாயிறு அறைகள் விரைவில் நிரம்பும். அறை, பாதை வழிகாட்டுதல், பெட்டியை விடுதி விட்டு விடுதிக்கு அனுப்புவது ஆகியவற்றை தனாபே நகரச் சுற்றுலா அமைப்பின் குமானோ டிராவல் என்ற இணையதளத்திலேயே பதிவு செய்யலாம், மீன்சாறு கூடாது என்பதையும் அங்கேயே குறிப்பிட்டுவிடுங்கள்.