புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பு வலிக்கு அகச்சிவப்பு விளக்கு

அம்மாவின் இடுப்பு வலிக்குச் சூடு காட்டும் இந்த அகச்சிவப்பு விளக்கை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டோம். ஒன்றரை அடி தள்ளி வைத்து 15 நிமிடம் காட்டினால் இறுக்கம் தளர்ந்து அம்மாவால் குனிந்து நிமிர முடிகிறது. மறுநாள் வலி திரும்பிவிடுகிறது. ரத்த ஓட்டத்தைக் கூட்டித் தசையை இளக்கும், அவ்வளவுதான், தேய்மானத்தைச் சரிசெய்யாது.

அப்பாவும் பாதத்துக்குக் காட்டச் சொன்னார். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். சர்க்கரையால் அவர் பாதம் மரத்துப்போயிருக்கிறது, தோல் வெந்தாலும் தெரியாது. வலிக்கு ஃபென்டனில் (தோல் வழியாக உடம்பில் ஏறும் வீரியமான வலி மருந்து) பட்டை ஒட்டியிருப்பவர்களும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். சூட்டில் மருந்து மளமளவென்று உடம்பில் ஏறும், உயிருக்கே ஆபத்து.

அப்புறம், விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். பல வருடம் உலை முன் நின்ற கண்ணாடித் தொழிலாளிகளுக்குக் கண்புரை வந்தது இதே அகச்சிவப்புக் கதிரால்தான். சூட்டால் அம்மாவின் தோலில் வலைபோலப் பழுப்புத் திட்டு தெரிந்தால் நிறுத்திவிடுவோம்.