இனக்கவர்ச்சிப் பொறி காலியாக இருந்தால் தோட்டம் தப்பியது என்று பொருளா?

ஆப்பிள் தோட்டத்தில், காயைக் குடையும் புழுக்களை ஈனும் காட்லிங் அந்துப்பூச்சிக்காக முதன்முதலில் பொறி வைத்தபோது, அதைப் பூச்சியைப் பிடித்து ஒழிக்கும் கருவி என்றே எண்ணினேன். பெண் பூச்சியின் வாசனையைப் போலச் செய்யப்பட்ட ஃபெரோமோன் ஆண்களை மட்டுமே இழுக்கிறது. தப்பிய ஓர் ஆணே பல பெண்களுடன் சேரும் என்பதால், பொறியின் ஒட்டும் அட்டையில் பூச்சிகள் நிறையக் கிடந்தும் காய்களில் புழு குறையவில்லை. பொறியின் உண்மையான பயன் நாள் குறிப்பதில்தான் இருக்கிறது. ஆண் பூச்சிகள் தொடர்ந்து விழத் தொடங்கும் நாளிலிருந்து, 10 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தை அன்றாடம் கூட்டிக்கொண்டே வந்தால், ஏறக்குறைய 140 வெப்ப அலகுகள் சேரும்போது முட்டைகள் பொரியத் தொடங்குகின்றன. புழு காய்க்குள் புகுந்துவிட்டால் எந்தத் தெளிப்பும் எட்டாது என்பதால், அந்தச் சில நாட்களே எனக்கு எல்லாமாக இருந்தன. அட்டையில் ஒட்டியவை எல்லாம் நம் பூச்சியும் அல்ல. முன்னிறகின் நுனியில் செம்பு போல மின்னும் பட்டையைப் பார்த்த பிறகே எண்ணிக்கையில் சேர்க்கிறேன்.

மறுமொழி:
என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. ஆண்கள் பெண்களைக் கண்டுபிடிக்க முடியாதபடி தோட்டம் முழுவதையும் வாசனையால் நிரப்பும் முறையில், எக்டேருக்கு 1000 வாசனைக் குழாய்களை மரங்களின் மேற்கிளைகளில் கட்டினேன். அதன்பின் பொறிகளில் ஒரு பூச்சிகூட விழாததால், வாரந்தோறும் நிம்மதியாகக் குறிப்பேட்டில் சுழியம் எழுதிவந்தேன். அறுவடையில் ஓரத்து இரண்டு வரிசைகளின் காய்களைத் திருப்பிப் பார்த்தபோது, காம்புக்கு எதிர்ப்புறக் குழியில் மரத்தூள் போன்ற பழுப்புக் கழிவு தள்ளப்பட்டிருந்தது. சுற்றிலும் வாசனை நிறைந்திருக்கையில் 1 மில்லிகிராம் கவர்ச்சிப் பொருளைக் கொண்ட சாதாரணப் பொறியை ஆண்களால் தேடி அடைய முடியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஓரங்களில் காற்று வாசனையைக் கலைத்துவிடுகிறது. வெளியே கவனிப்பாரற்று நின்ற மரங்களில் ஏற்கெனவே ஆண்களுடன் இணைந்துவிட்ட பெண்கள் பறந்து வந்து முட்டையிடுவதை இம்முறையால் தடுக்கவும் இயலாது. அடுத்த பருவத்தில் 10 மில்லிகிராம் கவர்ச்சிப் பொருளுக்கு மாறியதோடு, சில பொறிகளில் பெண்களையும் இழுக்கும் பேரிக்காய் மணப்பொருளைச் சேர்த்து, அவற்றை மரத்தின் மேல் மூன்றிலொரு பகுதியில் தொங்கவிட்டேன். இருந்தும் ஓர வரிசைகளுக்குத் தனியாக ஒரு தெளிப்புத் தேவைப்பட்டது.

மறுமொழி:
சிறிய செய்திதான், ஆனால் ஒரு பருவத்தையே வீணாக்கியது. காட்லிங் பூச்சிக்கான கவர்ச்சிப் பொருள் ஊறிய ரப்பர் அடைப்பானைத் தொட்ட அதே கையால், கீழைப் பழ அந்துப்பூச்சி என்ற வேறொரு பூச்சியின் பொறியையும் மாட்டியதால், இரண்டு பொறிகளின் எண்ணிக்கையையும் நம்ப முடியாமல் போயிற்று. இப்போது ஒவ்வொரு வகைக்கும் கையுறையை மாற்றுகிறேன். பழைய அடைப்பான்களை மரத்தடியில் எறிவதும் இல்லை.