நோஃப்ரெத் சிலை யாருக்காக?

கல்தச்சன்77:
எகிப்தின் மெய்தூமில் ஒரு கல்லறையில் 1871ல் கிடைத்த ராஹோதெப், நோஃப்ரெத் தம்பதி சிலைகளின் படத்தைப் போட்டதும் "4,600 வருஷத்துக்கு முன்பே ஆண் பெண் சமம்" என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். சிலைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கணவர் ராஹோதெப் மேனி செம்பழுப்பு, மனைவி நோஃப்ரெத் அம்மாவுக்கு வெளிர்மஞ்சள். வெயிலுக்குப் போகிறவன் ஆண், நிழலில் இருப்பவள் பெண் என்று சாயத்திலேயே சொல்லிவிட்டான் சிற்பி. அவருக்குப் பட்டங்கள் அடுக்கடுக்காக. இவருக்கு "அரசருக்கு அறிமுகமானவர்" என்பது மட்டும்தான். கணவர் கல்லறைக்கு ஒரு அலங்காரம், அவ்வளவே.

பனையோலை:
அலங்காரத்துக்கு எவனாவது பெயரை இரண்டு தடவை எழுதுவானா சார்? தலைக்கு இரு பக்கமும் இருக்கிறது. எகிப்தியருக்குச் சிலை வெறும் நினைவுச்சின்னம் இல்லை. இறந்தவரின் 'கா' என்ற உயிராற்றல் வந்து தங்கிப் படையலை ஏற்க அது ஓர் உடம்பு. பெயர் இருந்தால்தான் அது யாருடைய உடம்பு என்று தெரியும். இருவருக்கும் தனித்தனிச் சிலை, உயரமும் ஏறக்குறைய ஒன்றே, 120 செ.மீ. பக்கம். அவர் 'கா' தங்க அவர் சிலை, இவர் 'கா' தங்க இவர் சிலை.

கல்தச்சன்77:
ஒரே ஒரு ஜோடியை வைத்துச் சட்டம் பேசாதீர்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் எகிப்திய மன்னன் ஜெதெஃப்ரேயின் உடைந்த சிலை இருக்கிறது. காலடியில் பொம்மை அளவுக்கு அரசி, அவன் காலைக் கட்டிக்கொண்டு. அரசிக்கே அந்தக் கதி!

பனையோலை:
அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் செனுவியையும் பாருங்கள். எகிப்தின் 12ஆம் அரச வம்சக் காலம், அசியூத் என்ற வட்டாரத்தின் ஆளுநரின் மனைவி. ஆளுயரக் கருங்கல் சிலை, காலைக் கட்டாமல் தனியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இப்போது பாஸ்டன் அருங்காட்சியகத்தில்.

கல்தச்சன்77:
அது எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லுங்களேன்! சூடானில், கெர்மாவில், ஒரு நூபிய அரசனின் கல்லறையில். யாரோ தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கடைசியில் அந்த அம்மா அந்நியன் கல்லறைக்கு அலங்காரம். உங்கள் சாட்சி என் கட்சிக்குத்தான் பேசுகிறது :)

பனையோலை:
திருடியவன் செய்ததற்குச் செதுக்கியவன் என்ன பண்ணுவான்?

சும்மா_படிப்பவன்:
நடுவில் ஒன்று. நோஃப்ரெத்தின் நெற்றியைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? கனத்த விக், பூ வரைந்த பட்டை. விக்குக்குக் கீழே வகிடெடுத்த சொந்த முடி எட்டிப் பார்க்கிறது. வெறும் அலங்காரம் என்றால் அதை எதற்கு மெனக்கெட்டுக் காட்ட வேண்டும்?

கல்தச்சன்77:
அந்த முடிக்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த மஞ்சள் சாயத்துக்குப் பனையோலையிடம் இருக்கிறதா?