சிக்பஸ், செக்மெண்டேஷன் ஃபால்ட்: உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

கோத்தகிரியிலிருந்து:
நானே ஆரம்பிக்கிறேன். (புதுசா வர்றவங்களுக்கு: இது ரெண்டும் ப்ரோக்ராம் மெமரிய தப்பா தொட்டா லினக்ஸ் அனுப்புற சிக்னல், வழக்கமா ப்ரோக்ராம் அதோட செத்துடும்.) எங்க பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு எடை மெஷின் கணக்க பதியுற ப்ரோக்ராம் சி-ல எழுதிக் குடுத்தேன். சிறு விவசாயிங்க கொண்டு வர்ற பசுந்தேயிலை ஒவ்வொரு மூட்டையும் அதுலதான் ஏறும், ஒரு வரி விட்டுப்போச்சுன்னா ஒரு குடும்பத்தோட காசு போச்சு, அதான் எனக்கு பயமே. ஐப்பசி மழை நேரம், தினமும் நடுராத்திரி ப்ரோக்ராம் செத்துடும், கரெண்ட் போய்ப் போய் வர்றதாலதான்னு ரெண்டு வாரம் நெனச்சிட்டே இருந்தேன்.

அப்புறம் சிக்செக்வி-க்கு (செக்மெண்டேஷன் ஃபால்ட் சிக்னல்) ஒரு ஹேண்ட்லர் (சிக்னல் வந்தா ஓடுற ஃபங்ஷன்) போட்டேன், அது கூப்பிடப்படவே இல்ல, ஏன்னா வந்தது சிக்பஸ். சரின்னு அதுக்கும் போட்டு, உள்ள ஒரு பிரிண்ட்எஃப் போட்டு ரிட்டர்ன் பண்ணிட்டேன். தப்பு அங்கதான். ஹேண்ட்லர் திரும்பினதும் விழுந்த அதே இன்ஸ்ட்ரக்ஷன் மறுபடி ஓடும், மறுபடி விழும், மறுபடி ஹேண்ட்லர். காலைல பார்த்தா மெமரி கார்டு முழுக்க ஒரே வரி, எழுத இடமே இல்ல, அன்னிக்கு இலை எடைய நோட்டுல எழுதினாங்க. பிரிண்ட்எஃப் அங்க போடவே கூடாது, மெயின் கோடு பிரிண்ட்எஃப்போட லாக்க பிடிச்சிருக்கறப்போ சிக்னல் வந்தா அப்படியே தொங்கிடும்.

காரணம் என்னன்னா, பதிவு ஃபைல நான் எம்மேப் பண்ணி (ஃபைல மெமரி மாதிரி நேரா தொடுற வழி) படிச்சிட்டிருந்தேன், லாக்ரொட்டேட்ல (பழைய பதிவு ஃபைல்கள ஒதுக்குற கருவி) யாரோ காப்பிட்ரங்கேட்னு ஒரு ஆப்ஷன் வெச்சிருந்தாங்க, அது நகல் எடுத்துட்டு அசல் ஃபைல சைபர் பைட்டுக்கு வெட்டிடும். மேப் அப்படியே இருக்கும், பின்னாடி ஃபைல் இருக்காது, தொட்டா சிக்பஸ். இப்போ எம்மேப்ப எடுத்துட்டு சாதாரண ரீட், ஃபைல் சுருங்கினா கம்மியா பைட் வரும், அவ்ளோதான்.

குன்னூர்லேர்ந்து:
அண்ணா எனக்கு வேற மாதிரி. ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுறது) நிக்காம ஓடி ஸ்டாக் தீர்ந்துடுச்சு (ஃபங்ஷன்கள் ஓட ஒதுக்கின மெமரி, லினக்ஸ்ல வழக்கமா 8 எம்பி), ஹேண்ட்லர் போட்டும் ஒரு வரி கூட வராம செத்துச்சு. ஹேண்ட்லர் ஓடவும் ஸ்டாக் வேணும்ல, அதான் இல்லையே! சிக்ஆல்ட்ஸ்டாக்-ல தனியா ஒரு இடம் குடுத்து, சிக்ஆக்ஷன்ல (ஹேண்ட்லர மாட்டுற கால்) அந்த இடத்துல ஓடச் சொல்ற எஸ்ஏ_ஆன்ஸ்டாக் சேர்த்த அப்புறம்தான் பேசுச்சு. சிக்லாங்ஜம்ப் போட்டு ஹேண்ட்லர்லேர்ந்து வெளிய குதிச்சு வேலைய தொடரலாமாண்ணா?

கோத்தகிரியிலிருந்து:
வேணாம் தம்பி. மால்லாக் (மெமரி கேட்டு வாங்குற ஃபங்ஷன்) நடுவுல விழுந்திருந்தா ஹீப் (அது குடுக்குற மெமரி) எந்த நிலையில இருக்குன்னு உனக்கு தெரியாது, அதுக்கப்புறம் பதியுற எடை சரியான்னு எப்படி நம்புவ? தப்பான எடைய பதியுறத விட சாகுறது மேல். என் ஹேண்ட்லர் இப்போ ரெண்டே வேலை பண்ணுது. எஸ்ஐ_ஆட்ர்-ல (சிக்னலோட வர்ற தகவல்ல ஒண்ணு, தப்பு நடந்த மெமரி இடம்) இருக்குற அட்ரஸ கையால ஹெக்ஸா மாத்தி (எஸ்என்பிரிண்ட்எஃப் கூட அங்க பாதுகாப்பு இல்ல) ரைட் கால்ல எழுதும், சிக்னல பழைய டிஃபால்ட்டுக்கு மாத்தி மறுபடி ரெய்ஸ் பண்ணும், அதனால கோர் டம்ப் (சாகுற நேரத்து மெமரியோட நகல்) கிடைக்குது. செத்த ப்ரோக்ராம மறுபடி எழுப்புறது சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்கள பார்த்துக்குறது) வேலை. ஒவ்வொரு மூட்டையும் எஃப்சிங்க் (கார்டுல நிஜமா எழுத வைக்குறது) ஆனதுக்கு அப்புறம்தான் ரசீது பிரிண்ட் ஆகும், அதனால நடுவுல செத்தாலும் ரசீது வாங்கினவர் கணக்கு கார்டுல பத்திரமா இருக்கும்.

கூடலூர்க்காரங்க யாராவது இருந்தா உங்களோடதையும் போடுங்க, முக்கியமா த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள்ள ஒரே நேரத்துல ஓடுற தனித்தனி ஓட்டங்கள்) நிறைய வெச்சு எழுதினவங்க. சிக்ஆல்ட்ஸ்டாக் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனியா வைக்கணும், அத எப்படி சமாளிச்சீங்கன்னு எனக்கு தெரிஞ்சாகணும்.