பிரிந்து செல்லும் நாட்டின் பேரம் பேசும் சக்தி: பகிரங்க வாதம் அதைக் குறைத்துவிடுமா?

ஹட்டன் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்காக, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகிய வரலாற்றை எடுத்துக்கொண்டோம். 2016 ஜூன் 23ஆம் திகதி வாக்கெடுப்பில் 51.9 வீதமானோர் விலகலை ஆதரித்ததிலிருந்து 2020 ஜனவரி 31இல் நாடு வெளியேறியது வரை சம்பவங்களில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அவற்றுக்கு விளக்கம் சொல்லப் புகுந்தபோதுதான் கூட்டம் இரண்டாகிவிட்டது.

மோசமான உடன்படிக்கையை விட உடன்படிக்கை இல்லாதிருப்பதே மேல் என்று 2017 ஜனவரியில் பிரதமர் தெரேசா மே அறிவித்தார். அது வெற்று மிரட்டல் என்று சொந்த நாட்டவர்களே பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் ஓயாமல் கூறிவந்ததால்தான் பிரித்தானியாவின் கை தாழ்ந்தது என்பது ஒரு சாராரின் வாதம். கை முதலிலிருந்தே தாழ்ந்துதான் இருந்தது, அதை வெளியில் சொன்னவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை என்பது மற்றவர்களின் வாதம். 2019 ஜனவரியில், ஆயிரம் ரூபா கேட்டுத் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவில் கையெழுத்தானபோதும் இதே சண்டைதான் நம் மலையகத்தில் நடந்தது. ஆகவே எவரும் விட்டுக்கொடுக்கவில்லை. விடயம் அறிந்தவர்கள் தயவுசெய்து கருத்துக் கூறுங்கள்.

மேல் கொத்மலை:

நான் முதலாவது சாராரின் பக்கம் நிற்பவன். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. பத்திரிகையில் எழுதியவர்கள் எவரையும் பலவீனப்படுத்தவில்லை. அரசாங்கம் காரியங்களைச் செய்த வரிசைதான் பலவீனப்படுத்தியது.

விலகல் அறிவித்தல் கடிதத்தை எப்போது அனுப்புவது என்பது முழுக்க முழுக்கப் பிரித்தானியாவின் கையிலிருந்த ஒன்று. அறிவித்தல் வராமல் பேச்சில்லை என்று ஏனைய 27 நாடுகளும் சொல்லிவிட்டன என்பது உண்மை. எனினும் தனக்கு என்ன வேண்டும் என்று அமைச்சரவை தனக்குள்ளேயே முடிவு செய்யும் வரை காத்திருப்பதை அவர்களால் தடுத்திருக்க முடியாது. அவ்வாறு காத்திராமல் 2017 மார்ச் 29இல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, மூன்று வாரங்களுக்குள் பொதுத் தேர்தலையும் அறிவித்து, அத்தேர்தலில் இருந்த பெரும்பான்மையையும் இழந்து, வட அயர்லாந்தின் பத்து உறுப்பினர்களைக் கொண்ட ஒரு கட்சியின் தயவில் நிற்கவேண்டிய நிலைக்கு வந்தார்கள். வர்த்தகத்தையும் விலகல் நிபந்தனைகளையும் ஒருங்கே பேசவேண்டும் என்பதே அந்தக் கோடைகாலத்தின் பெரிய மோதலாக இருக்கும் என்று அமைச்சர் டேவிட் டேவிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பேச்சு ஆரம்பித்த ஜூன் 19ஆம் திகதியே அதையும் விட்டுக்கொடுத்தாயிற்று.

அதன் பிறகு 2019 ஜனவரி 15இல் பிரதமரின் உடன்படிக்கை 432க்கு 202 என்ற கணக்கில் தோற்கடிக்கப்பட்டது. தான் கையெழுத்திட்டதையே தன் சபையில் நிறைவேற்ற முடியாத ஒருவருக்கு எதிர்த்தரப்பு எதற்காகச் சலுகை கொடுக்கும்? அதே ஆண்டு செப்டெம்பரில், உடன்பாடு கிடைக்காவிட்டால் பிரதமர் கால நீடிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்று பாராளுமன்றம் சட்டமே இயற்றியது. எழுந்து போவேன் என்று சொல்பவரைக் கதிரையோடு கட்டிவைப்பதற்கு இதைவிட வேறு வழி வேண்டியதில்லை.

ஊவா கணக்காளர்:

மேல் கொத்மலைச் சேர் சொல்லும் திகதிகளை நான் மறுக்கவில்லை. ஆனால் வரிசை சரியாக இருந்திருந்தால் முடிவு பெரிதும் மாறியிருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியாது. காரணம் கணக்கில் இருக்கிறது.

அந்நாட்களில் பிரித்தானியாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ 44 வீதம் ஒன்றியத்துக்குச் சென்றது. ஒன்றிய நாடுகளின் ஏற்றுமதியில் பிரித்தானியாவுக்கு வந்தது சுமார் 8 வீதம். இந்த 8 வீதக் கணக்கை விலகல் ஆதரவாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்; ஜேர்மனி பிரான்சுக்கு விற்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதால்தான் பங்கு இவ்வளவு சிறிதாகத் தெரிகிறது, அதை நீக்கினால் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும் என்பது அவர்களுடைய வாதம். அது நியாயமான வாதமே. ஆனால் இரு மடங்காக்கினாலும் 44ஐ நெருங்காது. தவிரவும், அந்த இழப்பு 27 நாடுகளுக்கிடையில் பங்குபோடப்படும். 2016இல் பிரித்தானிய வெளியுறவு அமைச்சராக இருந்த போரிஸ் ஜோன்சன், எங்களுக்குச் சந்தையில் இடம் கொடுக்காவிட்டால் உங்கள் புரொசெக்கோ மது விற்காது என்று இத்தாலிய அமைச்சர் கார்லோ கலெண்டாவிடம் சொல்ல, அவர் கொடுத்த பதிலும் இதுதான்: நான் ஒரு நாட்டில் குறைவாக விற்பேன், நீங்கள் இருபத்தேழு நாடுகளில் குறைவாக விற்பீர்கள்.

ஒன்றியத்திடமிருந்து பிரித்தானியா வாங்குவது விற்பதைவிட அதிகம், ஆகவே ஜேர்மனியின் கார் உற்பத்தியாளர்கள் சான்சலர் மெர்க்கலின் கதவைத் தட்டுவார்கள் என்று பலரும் உறுதியாக நம்பினார்கள். அந்நாட்டுத் தொழில்துறை அமைப்புகளோ, ஒன்றிய நாடுகள் தமக்குள் தடையின்றி வர்த்தகம் செய்யும் ஒற்றைச் சந்தை சிதையாமல் இருப்பதே தமக்கு முதன்மையானது என்று 2017இலேயே வெளிப்படையாகக் கூறிவிட்டன. வாங்குபவன் எப்போதும் பலசாலி என்ற எண்ணம் சந்தைக் கடைக்குப் பொருந்தலாம். விற்பவனுக்கு அந்த ஒரு வாடிக்கையாளனைவிடச் சந்தையே முக்கியமாக இருக்கும் இடத்தில் பொருந்தாது.

அடுத்தது காலம். லிஸ்பன் உடன்படிக்கையால் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆவது உறுப்புரை விலகும் நாட்டுக்கு இரண்டு வருடம் தருகிறது. நீடிப்பதானால் ஏனைய அனைவரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் விலகும் நாடு உடன்பாடின்றித் தானாகவே வெளியே விழும். இப்படிப்பட்ட கடிகாரத்தின் கீழ் எவ்வளவு கெட்டிக்காரன் பேசினாலும், நேரம் செல்லச் செல்ல அவன் பலம்தான் குறையும்.

பகிரங்கமாகப் பேசியதால் பலம் போயிற்று என்பவர்கள் எதிர்த்தரப்பைக் கவனிக்கவில்லை என்பதே என் எண்ணம். ஒன்றியத்தின் சார்பில் பேசிய மிஷேல் பார்னியேயின் குழு தன் வழிகாட்டல்களையும் நிலைப்பாட்டு ஆவணங்களையும் எவரும் படிக்கக்கூடியதாக வெளியிட்டுக்கொண்டே பேசியது. அதனால் அவர்களுக்கு ஒரு குறைவும் வரவில்லை. மிரட்டலை நம்பவேண்டுமானால் ஆயத்தம் தெரியவேண்டும். சுங்க அலுவலர்கள், துறைமுகங்கள், லொறிகள் நிறுத்த இடம் ஆகியவை எந்த அளவில் தயாராக இருந்தன என்பதைப் பிரசெல்சிலிருந்தே பார்க்க முடிந்தது. கப்பலே இல்லாத ஒரு கம்பனிக்குக் கப்பல் சேவை நடத்த 13.8 மில்லியன் பவுண் பெறுமதியான ஒப்பந்தத்தைக் கொடுத்துப் பின்னர் இரத்துச் செய்த அரசாங்கத்தின் மிரட்டலை எவர் நம்புவார்?

ஹட்டன் வாசகர்:

கணக்காளர் அவர்களுக்கு நன்றி. இது பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவும். எனக்கு ஒரு சந்தேகம். பெரியது எப்போதும் சிறியதை வெல்லும் என்றால், பேரம் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லையே?

கம்பளை வாசகி:

இடம் இருக்கிறது. மொத்தப் பருமனை மட்டும் வைத்துப் பேசுவதால்தான் அது கண்ணில் படுவதில்லை.

பிரித்தானியாவுக்கு முன்னரே கிரீன்லாந்து வெளியேறியிருக்கிறது. டென்மார்க்குடன் 1973இல் உள்ளே சேர்ந்த அத்தீவு, 1982இல் வாக்கெடுப்பு நடத்தி, 1985 பெப்ரவரி 1இல் அன்றைய ஐரோப்பிய சமூகத்திலிருந்து விலகியது. மக்கள்தொகை ஏறத்தாழ ஐம்பதாயிரம். ஆனால் அதன் கடலில் மீன் இருந்தது. சமூகத்தின் மீன்பிடிக் கப்பல்களுக்கு, குறிப்பாக மேற்கு ஜேர்மனியினருக்கு, அந்த மீன் வேண்டியிருந்தது. ஆகவே தன் கடலில் பிடிக்க அனுமதி கொடுத்து, பதிலுக்குப் பணமும் தீர்வையற்ற சந்தை வாய்ப்பும் பெற்றுக்கொண்டது. பேச வேண்டிய விடயம் ஒன்றே ஒன்று, கேட்டதும் ஒன்றே ஒன்று. பிரித்தானியா கேட்டவையோ ஒன்றையொன்று வெட்டின. ஒற்றைச் சந்தையிலும், பொதுவான சுங்க வரியைக் கொண்ட சுங்க ஒன்றியத்திலும் இருக்கமாட்டோம், பிரித்தானியாவின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்திலுள்ள அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான எல்லையிலும் சோதனை கூடாது, வட அயர்லாந்துக்கும் பிரித்தானியாவின் ஏனைய பகுதிக்கும் இடையிலும் சோதனை கூடாது என்றார்கள். மூன்றும் ஒன்றாகக் கிடைக்க வழியே இல்லை. உடன்பாடின்மையால் அதிகம் பாதிக்கப்படக்கூடியதாயிருந்த அயர்லாந்துக் குடியரசு, அந்த எல்லையைக் காரணங்காட்டி, 26 நாடுகளையும் தன் பின்னால் நிறுத்திக்கொண்டது. சிறிய நாடு ஒன்றியத்துக்குள் இருக்கும்போது பெறும் பலத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உள்நாட்டுப் பிளவைப் பற்றி மேல் கொத்மலைச் சேர் சொன்னதில் ஒரு திருத்தம். என் சபை இதை ஏற்காது என்று சொல்லக்கூடிய தூதனுக்குப் பேச்சு மேசையில் பலம் கூடும் என்பதைத் தோமஸ் ஷெல்லிங் போன்ற பொருளியலாளர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே விளக்கியிருக்கிறார்கள். அந்த வாய்ப்பு மேயிடம் இருந்தது. ஆனால் அதற்குச் சபை எதை ஏற்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். 2019 மார்ச் 27இல் எட்டு மாற்று யோசனைகளையும் ஏப்ரல் 1இல் நான்கையும் வாக்கெடுப்புக்கு விட்ட அச்சபை, அவற்றில் எதையும் ஏற்கவில்லை.

இந்த விவாதத்தில் எவரும் தொடாத ஒன்றையும் சொல்லவேண்டும். பிரித்தானியாவில் வாழ்ந்த முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களின் வதிவிட உரிமையை முன்கூட்டியே உறுதிப்படுத்துவது, பேரத்துக்காகக் கையிலுள்ள முக்கியமான சீட்டொன்றைக் கொடுத்துவிடுவதாகும் என்று 2016இல் ஓர் அமைச்சர் கூறினார். பிரபுக்கள் சபை 2017 மார்ச்சில் அவ்வுறுதியைச் சட்டத்தில் சேர்த்தபோது, மக்கள் சபை அதை நீக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில், நம் முன்னோரான இந்திய வம்சாவளியினர் 975,000 பேரை, உனக்கு 525,000, எனக்கு 300,000, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று, அவர்களில் ஒருவரையும் கேளாமல் பிரித்தார்கள். ஆகவே பேரம் பேசும் சக்தி என்று எவராவது பெருமையாகச் சொல்லும்போது, அதில் சீட்டாக வைக்கப்பட்டிருப்பவர் யார் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது. அந்த மாணவர்களிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மேல் கொத்மலை:

வாசகி கடைசியாகச் சொன்னதை நான் மறுக்கப்போவதில்லை. சீட்டு விடயத்தில் மட்டும் ஒன்று. கிரீன்லாந்தைப் போலப் பிரித்தானியாவிடமும் மீன் இருந்தது. 2020 டிசம்பர் 24 வரை இழுத்த வர்த்தகப் பேச்சில் கடைசியாகத் தீர்ந்த விடயங்களில் அதுவும் ஒன்று. தன் கடலில் ஒன்றியத்தினர் பிடிக்கும் பங்கின் பெறுமதியில் 25 வீதத்தை ஐந்தரை ஆண்டுகளில் படிப்படியாகத் திரும்பப் பெறுவதாகவும், 2026 ஜூனுக்குப் பிறகு ஆண்டுதோறும் பேசிக்கொள்வதாகவும் முடிவாயிற்று. ஆண்டுதோறும் பேசும் அந்த உரிமையே எதிர்கால பலம் என்று அன்று சொன்னார்கள். 2025 மே மாதத்தில், உணவுப் பொருட்களுக்கான எல்லைச் சோதனைகளைக் குறைத்துக்கொள்ளும் இணக்கமும் இடம்பெற்ற அதே பேச்சில், ஒன்றியத்தினரின் மீன்பிடி அனுமதியை 2038 வரை நீடித்துக் கொடுத்துவிட்டார்கள். விட்டுக்கொடுத்தார்கள் என்று கணக்காளர் தம்பி சொல்வார். நல்ல விலைக்கு விற்றார்கள் என்று நான் சொல்வேன்.

ஊவா கணக்காளர்:

விலை நல்லதா என்பதை அந்த உணவுப் பொருள் இணக்கம் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு பார்ப்போம், சேர். ஸ்கொட்லாந்து மீனவர் அமைப்புகள் உங்கள் பக்கம் இல்லை.