எண் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த நாட்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தொடங்கி வைப்பவன்

கழிவுநீர் சுத்திகரிப்பில் இருக்கிற எல்லோரிடமும் இப்படி ஒரு கதையாவது இருக்கும். உலோக அளவு இறங்காது. மேலே இருந்து போன் மேல் போன் வரும். கையில் இருக்கிற மருந்தையெல்லாம் கொட்டிப் பார்த்திருப்போம். கடைசியில் காரணம் வேறெங்கோ உட்கார்ந்திருக்கும். ஆலைப் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுவோம். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருந்த பிளேட்டிங் (உலோகப் பூச்சு) ஆலையில் நிக்கலுக்கு வழக்கமான முறைதான். காஸ்டிக் சோடா விட்டு பி.எச்.சை (நீரின் அமில, கார அளவு) 10.2 வரை ஏற்றினால் நிக்கல் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். வெளியேறும் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழேதான் எப்போதும் வரும். ஒரு வாரம் திடீரென்று 9. பி.எச்.சை 11 ஆக்கினேன், அசையவில்லை. சுண்ணாம்பு போட்டேன், சேறுதான் இரண்டு மடங்கானது. நீர் என்னவோ கண்ணாடி மாதிரி இருந்தது. வடிகட்டிப் பார்த்தாலும் அதே 9.

நான்காவது நாள் வேறு வேலையாக உற்பத்திப் பக்கம் போனேன். அங்கே புதிதாக ஒரு தொட்டி! மின்சாரம் இல்லாமல் நிக்கல் பூசுகிற எலக்ட்ரோலெஸ் லைன். அதன் அலசல் நீரை என் தொட்டிக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கரைசலில் நிக்கல் படியாமல் பிடித்துவைக்கவே சிட்ரேட் மாதிரி பொருட்களைச் சேர்க்கிறார்கள். அவை கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது காஸ்டிக் எவ்வளவு கூப்பிட்டாலும் நிக்கல் வராது.

அந்த நீரைத் தனியாகப் பிரித்து, உலோகத்தைப் பிடித்துப் படியவைக்கிற டைத்தியோகார்பமேட் மருந்தைப் போட்டு ஜார் டெஸ்ட் (சிறு ஜாடிகளில் அளவு மாற்றிப் பார்ப்பது) செய்தோம். அரை மணி நேரத்தில் படிந்தது. ஆனால் இந்த மருந்தில் கை தாராளம் கூடாது. 1999 டிசம்பரில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒயிட் நதியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தது, உலோகத்தைப் பிரிக்க ஓர் ஆலை பயன்படுத்திய இதே வகை மருந்தால்தான். உலோகத்தைக் குறைக்கப் போட்டது ஆற்றைக் கொன்றது. அதனால் நான் ஜார் டெஸ்ட் இல்லாமல் ஒரு சொட்டுகூடக் கூட்டுவதில்லை.

ஆய்வகத்து ஆள்

வடிகட்டிப் பார்த்தேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். பாதிப் பேர் அதைச் செய்வதே இல்லை சார்.

எனக்கு வந்தது தாமிரம். ஒரு நாள் 0.3, மறுநாள் 3.2, அதற்கு மறுநாள் 0.4. ஆபரேட்டர் என் கருவியைத் திட்டுவார், நான் அவர் தொட்டியைத் திட்டுவேன். மாதிரியை எடுத்ததும் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுபோவது வழக்கம். அப்படிச் செய்தால் நீரில் மிதக்கிற நுண்ணிய சேறும் கரைந்து மொத்தக் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு நாள் அமிலம் விடும் முன்பே பாதி மாதிரியை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்துப் பார்த்தேன். வடித்ததில் 0.1, வடிக்காததில் 2.9.

அப்படியென்றால் வேதியியல் சரியாகத்தான் நடக்கிறது, படிவதில்தான் கோளாறு. சேற்றுத் துகள்கள் பெரிய பஞ்சுத் துணுக்குகளாகத் திரண்டு வந்தன. ஆனால் சேறு அடியில் படிகிற கிளாரிஃபையர் தொட்டிக்குப் போகிற வழியில் ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்ப் வைத்திருந்தார்கள். அது அத்தனையையும் அடித்துப் பொடியாக்கிவிடும். பம்ப் வேகமாக ஓடுகிற ஷிப்டில் எண் ஏறும், மெதுவாக ஓடினால் இறங்கும். பம்பை எடுத்துவிட்டு நீர் தானாக இறங்கும்படி குழாயை மாற்றினார்கள். அதோடு எங்கள் சண்டை தீர்ந்தது. அதுவரை கொட்டிய காஸ்டிக்கை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

குரோம் லைன் பழைய ஆள்

இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இரண்டு ஓடைகள். ஒன்று குரோம் நீர். அதில் இருக்கிற குரோம் 6 நேரடியாகப் படியாது. அமிலம் விட்டு பி.எச். 2 முதல் 3 வரை வைத்து, மெட்டாபைசல்பைட் சேர்த்துக் குரோம் 3 ஆக்க வேண்டும். மஞ்சள் போய்ப் பச்சை வரும். இன்னொன்று சயனைடு நீர். அதை பி.எச். 10க்கு மேலே வைத்து, குளோரின் மருந்தான ஹைப்போகுளோரைட்டால் (சுருக்கமாக ஹைப்போ) உடைப்போம். இரண்டும் தனித்தனியாக முடிந்த பிறகுதான் நடுநிலைத் தொட்டியில் சேரும்.

குரோம் தொட்டியை விட்டு வெளியே வரும் நீரில் டைஃபினைல்கார்பசைடு விட்டுப் பார்த்தால் ஊதா நிறம் வராது, அதாவது குரோம் 6 இல்லை. அதே நீர் கடைசித் தொட்டிக்கு வந்ததும் ஊதா வருகிறது! ஆழத்தில் பார்த்தால் லேசான மஞ்சள் சாயல் வேறு. போகும்போது இல்லாதது வழியில் எப்படிப் பிறக்கும்?

எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், மெட்டாபைசல்பைட்டைக் கூட்டினோம். கணக்குப்படி 1 கிராம் குரோம் 6க்கு 2.7 கிராம் போதும். காற்றோடு போவதையெல்லாம் சேர்த்தாலும் நாங்கள் விட்டது மிக அதிகம். தொட்டிப் பக்கம் நின்றால் கந்தக நெடி மூக்கை அறுக்கும். ஆனால் கூட்டியதும் கடைசித் தொட்டியில் குரோம் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சம்தான் எங்களை இரண்டு வாரம் ஏமாற்றியது.

பிறகு எங்கள் ஷிப்டில் இருந்த தம்பி ஒருவன், கல்லூரி முடித்து நேராக வந்தவன், லாக் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மஞ்சள் வருகிற நேரமெல்லாம் சயனைடு தொட்டியைத் திறந்துவிடுகிற நேரம் என்று காட்டினான். குளோரினைக் காட்டுகிற பொட்டாசியம் அயோடைடு ஸ்டார்ச் தாளை அந்த நீரில் தொட்டால் கருநீலம். ஹைப்போ மிச்சம் நிறைய. சயனைடு தப்பிவிடக் கூடாதே என்ற பயத்தில் யாரோ டோசிங்கை (மருந்து விடும் அளவை) கூட்டி வைத்திருக்கிறார்கள். காரத்தன்மையுள்ள நீரில் மிச்சக் குளோரின் இருந்தால், பாடுபட்டு நாம் மாற்றிய குரோம் 3ஐத் திரும்பக் குரோம் 6 ஆக்கிவிடும். நாங்கள் அதிகமாக விட்ட மெட்டாபைசல்பைட் அந்தக் குளோரினில் கொஞ்சத்தைத் தின்றது. எண் கொஞ்சம் இறங்கிய ரகசியம் அதுதான்.

நீரின் ஆக்சிஜனேற்றத் திறனைக் காட்டுகிற ஓ.ஆர்.பி. மீட்டரை வைத்து ஹைப்போ அளவைச் சரி செய்தோம். சயனைடு இல்லை என்று உறுதியான பின், மிச்சக் குளோரினை அந்தத் தொட்டியிலேயே தீர்த்துவிட்டுத்தான் திறக்கிறோம். அப்புறம் ஊதா வரவில்லை.

பேர் வேண்டாம்

என்னுடையது சிறியது, ஆனால் இன்னும் கனவில் வரும். ஈயத்துக்காக சோடியம் சல்பைடு விடுகிற தொட்டி. உலோக சல்பைடுகள் ஹைட்ராக்சைடைவிட மிகக் குறைவாகவே கரையும், அதனால் அந்த முறை நல்ல முறைதான். பக்கத்து அமிலக் குழாயின் வால்வு கசிந்து பி.எச். இறங்கிவிட்டது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்றம் நின்றது. சரி, போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கிட்டே போனேன். பின்னால் நின்ற அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஹைட்ரஜன் சல்பைடு வாயு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கினால் மூக்கே மரத்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயு மீட்டர் அலமாரியில் பூட்டியிருந்தது.

புதிதாகச் சேர்ந்தவன்

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்குச் சேர்ந்து 2 மாதம் ஆகிறது. எங்களுக்குத் துத்தநாகம் பிரச்சினை. பி.எச். 9.4இல் வைத்திருக்கிறேன், ஆனாலும் 7, 8 என்று வருகிறது. அயனிப் பரிமாற்ற ரெசின் போட்டால் மொத்தமும் போய்விடும் என்று மேலாளரிடம் கேட்கலாமா?

தொடங்கி வைப்பவன்

தம்பி, ரெசின் நல்ல பொருள்தான், ஆனால் உலோகத்தை அது அழிக்காது. பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ரெசின் நிறைந்ததும் அமிலம் விட்டுக் கழுவினால் அதே துத்தநாகம் செறிவாகத் திரும்ப உங்கள் கைக்கே வரும். அதை எங்கே கொண்டுபோவது என்று முதலில் யோசித்துவிட்டுக் கேளுங்கள். துத்தநாகத்துக்கு 9 முதல் 9.5 வரை சரியான இடம். இன்னும் மேலே போனால் திரும்பக் கரையத் தொடங்கும், அதனால் காஸ்டிக்கைக் கூட்டிவிட வேண்டாம். வடிகட்டிய மாதிரியில் எவ்வளவு?

ஆய்வகத்து ஆள்

அதற்கும் முன்னால், அந்த 9.4ஐச் சொல்வது யார்? மீட்டரா? அதன் புரோப்பை (நீருக்குள் இருக்கிற உணர்முனை) கடைசியாக எப்போது கழுவினீர்கள்? சேறு ஒட்டிக் காய்ந்த புரோப் நேற்றைய எண்ணையே இன்றைக்கும் காட்டும். ஒரு பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள்.

புதிதாகச் சேர்ந்தவன்

இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன் சார். தாளில் 7க்கும் 8க்கும் நடுவில் காட்டுகிறது. மீட்டர் இன்னமும் 9.4 என்கிறது. புரோப் நுனியில் வெள்ளையாகக் கல் மாதிரி ஒட்டியிருக்கிறது. எதில் ஊறவைக்க வேண்டும்?

ஆய்வகத்து ஆள்

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், 5 சதவீதம், சில நிமிடம். சுரண்டாதீர்கள், கண்ணாடி போய்விடும். கழுவிய பின் பி.எச். 7, 10 பஃபர் (பி.எச். மாறாத சோதனைக் கரைசல்) இரண்டிலும் சரிபார்த்துவிட்டுத் தொட்டியில் போடுங்கள். அதுவரை டோசிங் பம்பை ஆட்டோவில் விடாதீர்கள்.

புதிதாகச் சேர்ந்தவன்

சரி சார், மேனுவலில் போட்டுவிட்டேன். மேலாளரிடம் ரெசின் பற்றி ஏற்கனவே சொல்லித் தொலைத்துவிட்டேன், அதை எப்படிச் சமாளிப்பது என்றுதான் தெரியவில்லை.