கேரவனின் யன்னல் ஏசி நண்பகலில் நின்றுவிடுகிறது, உள்ளே தண்ணீரும் ஒழுகுகிறது: கழற்றிப் பராமரிப்பது எப்படி?

கல்லடி வாசி

அனைவருக்கும் வணக்கம். வானின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய இரண்டு சில்லுக் கேரவன் ஒன்றைக் குடும்பப் பயணங்களுக்காக வைத்திருக்கிறோம். பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ, பெரும்பாலும் கடற்கரைக்கு அண்மையில்தான் அதை நிறுத்துவோம். அதன் பின்சுவரில் ஒரு மரப்பெட்டி அடித்து, அதற்குள் 5,000 பிடியூ யன்னல் ஏசி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது.

கச்சான் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து இரண்டு தொல்லைகள் சேர்ந்து வந்துள்ளன. ஏசியைப் போட்டவுடன் நன்றாகக் குளிர்கிறது. ஆனால் நண்பகலில் சிறிது நேரத்திலேயே ‘டக்’ என்ற சத்தத்தோடு கொம்பிரசர் நின்றுவிட, விசிறி மட்டும் வெறுங்காற்றை வீசிக்கொண்டிருக்கிறது. பின்னர் தானாகவே மீண்டும் ஓடத் தொடங்குகிறது. இரவில் இந்தத் தொல்லை இல்லை. மற்றையது, அறுகம்பேயில் நிறுத்தும்போது முன்மூடியின் அடியால் தண்ணீர் வழிந்து மெத்தை நனைகிறது, பெட்டியின் அடிப்பலகையும் ஊதிப்போயிருக்கிறது. வீட்டு முற்றத்தில் ஓடவிட்டால் ஒரு சொட்டுக்கூட விழுவதில்லை.

காட்டிய இடத்தில் காஸ் முடிந்துவிட்டது என்றும், அடித்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். அம்மாவுக்குத் தொய்வு இருப்பதால், பூஞ்சண மணம் வரும் அந்த ஏசியை எப்படியும் கழற்றி முழுமையாகச் சுத்தம் செய்ய விரும்புகிறேன். காஸ் அடிப்பது அவசியமா, பாதுகாப்பாகக் கழற்றுவது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

கல்முனை ஏசி திருத்துநர்

தம்பி, காஸ் அடிப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள். யன்னல் ஏசியின் காஸ் தொழிற்சாலையிலேயே நிரப்பப்பட்டு, குழாய் பற்றவைத்து அடைக்கப்பட்டு வருகிறது. அது வாகனத்துப் பெற்றோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல; குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதுதான் பொருள், அந்தக் கசிவை அடைக்காமல் மேலும் அடிப்பதில் பயனில்லை. இவ்வகைச் சிறிய ஏசிகளில் காஸ் ஏற்றுவதற்கான வால்வு பெரும்பாலும் இருப்பதுமில்லை. செப்புக் குழாயைத் துளைத்து ஒரு வால்வை மாட்டித்தான் ஏற்றுவார்கள். நன்றாக இருந்த ஏசிகளில்கூட அந்தத் துளையே பின்னர் கசியும் இடமாகிவிடுவதை என் வேலையில் அடிக்கடி காண்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

இரவில் ஒழுங்காக ஓடுகிறது என்று நீங்கள் சொல்வதே காஸ் இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. உறுதிப்படுத்த, வடிகட்டியைக் கழுவி மாட்டிவிட்டு, ஏசி உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் வெளிவிடும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து பாருங்கள். 8 முதல் 11 பாகை செல்சியஸ் வரை வித்தியாசம் இருந்தால் காஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காஸ் குறைந்த ஏசியில், காஸ் ஓடும் குழாய்ச் சுருளான உட்புறக் கொயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்து மற்றப் பகுதி சூடாகவே இருக்கும். கொம்பிரசர் ஓடும்போது கேரவனுக்குள் எத்தனை வோல்ட் வருகிறது என்பதையும், ஏசியின் இரு பக்கங்களிலும் உள்ள காற்றுத் துளைகள் பெட்டிக்கு உள்ளே இருக்கின்றனவா வெளியே இருக்கின்றனவா என்பதையும் பார்த்து எழுதுங்கள்.

கல்லடி வாசி

மிக்க நன்றி அண்ணா. கொம்பிரசர் ஓடும்போது 224 வோல்ட் இருந்தது. காற்றின் வித்தியாசம் 10 பாகை, பனி எங்கும் இல்லை. பக்கத் துளைகள் முழுவதும் மரப்பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. வெளியில் தெரிவது ஒரு சிறிய கம்பித் தட்டி மட்டும்தான். அதன்மேல் நுளம்பு வலை ஒட்டியிருக்கிறது, வலைக் கண்கள் உப்பும் மணலும் சேர்ந்து பாதிக்கு மேல் அடைபட்டிருக்கின்றன. வலையை நீக்கிவிட்டுப் பின்புறக் கொயிலின் அலுமினியத் தகடுகளை நகத்தால் தொட்டபோது, ஓரங்கள் வெள்ளைத் தூளாக உதிர்ந்தன.

கல்முனை ஏசி திருத்துநர்

அப்படியானால் நோய் தெரிந்துவிட்டது. பின்விசிறி பக்கத் துளைகளால் காற்றை இழுத்து, கொயிலின் ஊடாகப் பின்னால் தள்ள வேண்டும். உங்கள் பெட்டியில் தள்ளப்பட்ட சூட்டுக்காற்று வலையில் மோதித் திரும்பிவர, அதையே விசிறி மறுபடியும் இழுக்கிறது. நிலத்தைக் கடந்து சூடாகி வரும் கச்சானும் சேர்ந்துகொள்ளும்போது கொம்பிரசர் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் பாதுகாப்புச் சுவிட்ச் மின்னைத் துண்டிக்கிறது. நீங்கள் கேட்ட ‘டக்’ சத்தம் அதுதான். காஸ் அடித்திருந்தால் அழுத்தம் இன்னும் கூடி, கொம்பிரசரே போயிருக்கக்கூடும்.

தண்ணீர் விடயம் வேறு. யன்னல் ஏசி வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருந்தால்தான் உள்ளே சேரும் நீர் பின்தட்டுக்கு ஓடும். அறுகம்பே மணலில், கேரவனை நிறுத்தும்போது அதன் முன்தண்டைத் தாங்கும் சிறு சில்லு புதைய, முன்பக்கம் தாழ்ந்து பின்சுவர் உயர்கிறது, நீர் உங்கள் மெத்தைப் பக்கம் திரும்புகிறது. சில்லின் கீழே அகலமான பலகை ஒன்றை வையுங்கள். மட்டம் பார்க்கும் கருவியைக் கேரவனின் தரையில் அல்ல, ஏசியின் மேலேயே வைத்துப் பாருங்கள். பின்தட்டில் துளை போடச் சொல்வார்கள், போட வேண்டாம். பல ஏசிகளில் விசிறியின் வளையம் அந்த நீரை அள்ளிக் கொயிலில் தெளித்துக் குளிரவைக்கும்படிதான் செய்திருக்கிறார்கள்.

கழற்றும்போது முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. முன்மூடியையும் வடிகட்டியையும் எடுத்து, சட்டத்தோடு பிடித்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றியபின், இருவர் சேர்ந்து அடித்தட்டைப் பிடித்தே வெளியே இழுக்க வேண்டும். ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். செப்புக் குழாயிலோ கொயிலிலோ கை வைக்கவே கூடாது. எப்போதும் நிமிர்ந்தே இருக்கட்டும். தவறிச் சரிந்துவிட்டால் கொம்பிரசரின் எண்ணெய் கீழிறங்கும் வரை ஒரு நாள் நிமிர்த்தி வைத்திருந்து, அதன்பிறகே மின் கொடுங்கள். கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் மின் தங்கியிருக்கும். பழக்கமில்லையென்றால் அந்த மூடியைத் திறக்காமல், அதையும் விசிறி மோட்டரையும் பொலித்தீனால் இறுகக் கட்டிவிடுங்கள்.

கழுவுவதற்கு நல்ல தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். கொஸ்டிக் சோடாவோ அமிலமோ அலுமினியத்தைத் தின்றுவிடும், உயரழுத்தக் குழாய் தகடுகளை மடக்கிவிடும். காற்று போகும் திசைக்கு எதிராக, அதாவது பின்புறக் கொயிலை வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி, மென்மையாக நனைத்துக் கழுவுங்கள். உட்கொயிலையும் அப்படியே கழுவி, முன்தட்டிலிருந்து பின்தட்டுக்குப் போகும் வாய்க்காலில் படிந்திருக்கும் வழுவழுப்பான பாசியை மெல்லிய தூரிகையால் எடுத்துவிடுங்கள். அம்மாவைத் தொந்தரவு செய்யும் மணம் பெரும்பாலும் அங்கிருந்தும் உட்கொயிலிலிருந்தும்தான் வருகிறது. உதிர்ந்த தகடுகள் திரும்ப வராது; ஓரங்கள் மட்டும்தான் போயிருந்தால் ஏசி இன்னும் உழைக்கும்.

பொத்துவில் மரவேலை

வணக்கம் சகோதரரே. அறுகம்பேயில் நிற்கும் கேரவன்களுக்குப் பலகை வேலை செய்பவன் என்ற முறையில் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏசியைப் பின்னுக்குத் தள்ளி, பக்கத் துளைகள் முழுவதும் சுவருக்கு வெளியே வரும்படி இரும்புத் தாங்கி அடிப்பதே சிறந்த வழி. றோட்டில் நீட்டிக்கொண்டிருப்பது ஆபத்து என்று நினைத்தால், பெட்டியின் இரு பக்கங்களிலும் காற்று வரப் பெரிய வாய்களை வெட்டி, பின்கொயிலைச் சுற்றி அலுமினியத் தகட்டால் ஒரு தடுப்புக் கட்டுங்கள். உள்ளே வரும் காற்றும் வெளியேறும் சூடும் கலக்கவே கூடாது. நுளம்பு வலைக்குப் பதிலாகப் பெரிய கண்ணுள்ள கம்பிவலை போடலாம், ஆனால் குளவிக்கூட்டை அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஊதிய பலகையின்மேல் சிலிக்கன் பூசி மூடிவிடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர்ச் சட்டத்தையும் அழுகவைத்துவிடும். ஊசியால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கும் இடம் முழுவதையும் வெட்டியெடுத்துக் காயவிட்டு, மரைன் பிளைவூட் வைத்து, வெட்டு முனைகளுக்கும் பெயின்ற் அடியுங்கள். வெளிச்சட்டத்துக்குப் பியூட்டைல் என்ற ஒட்டும் றப்பர் நாடா நல்லது. அடுத்த முறை கழற்றும்போது அது பலகையைப் பிய்க்காது, வண்டி குலுங்கினாலும் வெடிக்காது.

கல்லடி வாசி

பொத்துவில் நானா சொன்னபடி பக்க வாய்களை வெட்டி, தடுப்பும் கட்டிவிட்டேன். ஏசியையும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டியாயிற்று. நண்பகல் வெயிலிலும் இப்போது நிற்காமல் ஓடுகிறது, மணமும் போய்விட்டது. இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரு சந்தேகம்: மாரியில் கேரவன் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும். அப்போது ஏசியை அப்படியே விட்டுவைக்கலாமா?

கல்முனை ஏசி திருத்துநர்

கழற்றி வைப்பதே மேல் தம்பி. வாடைக்காற்று கடலிலிருந்து நேரே வருவதால் ஓடாமல் நிற்கும் கொயிலிலும் உப்பு படியும். கழற்றுமுன் விசிறியை மட்டும் சில மணி நேரம் ஓடவிட்டு உட்கொயிலைக் காயவைத்து, பின்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவி, வீட்டுக்குள் நிமிர்த்தி வைத்துத் துணியால் மூடுங்கள். பொலித்தீனால் மூடினால் ஈரம் அடைபடும். சுவரின் துவாரத்துக்கு, அதைவிடச் சற்றுப் பெரிய பலகையை வெளிப்பக்கமாக வைத்து நாடாவோடு முடுக்கிவிடுங்கள். பருவம் தொடங்கி மாட்டும்போது மூடிக்குள் பல்லியோ எறும்போ புகுந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே பிளக்கைச் செருகுங்கள். பயணக் காலத்தில் கடற்கரையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்கொயிலில் ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டால், மிச்சமிருக்கும் தகடுகள் நெடுங்காலம் நிற்கும்.